பேரேடு கேட்ட பெட்டி

கணக்குப்பிள்ளைப் பெட்டி என்றால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு விளக்கம் வேண்டியிருக்காது. அரிசி மண்டியில், அடகுக் கடையில், கிராமக் கர்ணத்தின் வீட்டுத் திண்ணையில் தரையோடு தரையாகக் கிடந்த சாய்வு மூடிப் பெட்டி அது. பின்பக்கம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். முன்பக்கம் ஏறக்குறைய அதில் பாதி. இரண்டுக்கும் நடுவே சரிந்து கிடக்கும் பலகைதான் மூடி. எழுதும் இடமும் அதுதான். மூடிக்கு மேலே, பின்விளிம்பை ஒட்டி, நாலு விரல் அகலத்தில் சரியாமல் ஒரு சட்டம் ஓடும். மைக்கூடும் பேனாவும் அங்கே. மூடியின் கீழ்விளிம்பில் புத்தகம் நழுவாமல் இருக்க மெல்லிய குறுக்குக் கட்டை. திறந்தால் உள்ளே சில்லறைக்கும் சீட்டுக்கும் முத்திரைக்கும் சிறு சிறு அறைகள். இன்று இந்தப் பெட்டி மெருகேறிப் பழம்பொருள் கடையில் நிற்கிறது. கூடவே இரண்டு கதைகளில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்த சாமான் என்பது ஒன்று. தொன்றுதொட்டு வந்த தமிழ்க் கைவினை என்பது மற்றொன்று. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இரண்டுமே நிற்கவில்லை. பெட்டியைக் கேட்டது கடலோரக் கிடங்குகளில் எழுதப்பட்ட பேரேடு. செய்து கொடுத்ததோ தேரையும் வீட்டுக் கதவையும் செய்து பழகிய கை. இதற்கான சாட்சி பெட்டியின் மூலைகளிலும் அடிப்பலகையிலும் இருக்கிறது.

முதலில் தொன்மைக் கதையைப் பார்ப்போம். ஓலையில் எழுதியவருக்கு மேசையே தேவைப்படவில்லை. நறுக்கிப் பதப்படுத்திய பனையோலை இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. இடது கைக்குள் அடங்கிவிடும். இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். எழுத்தாணியின் முனை அதில் சாய்ந்து நிற்கும். வலது கை கீற, இடது கை ஓலையைச் சிறிது சிறிதாக நகர்த்தும். மை கிடையாது. எழுதி முடித்த பிறகு கரியோ பச்சிலைச் சாறோ தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு தங்கி எழுத்து துலங்கும். இந்த வேலையை உட்கார்ந்தும் செய்யலாம், நின்றும் செய்யலாம். அறுவடைக் களத்தில் நெல் அளக்கும்போதே கணக்கன் கையில் ஓலை வைத்துக்கொண்டு எழுதிவிட முடியும். அதே ஓலையைச் சாய்வுப் பலகையில் வைத்து எழுதச் சொன்னால் அவருக்குக் கை ஓடாது. ஆக, எழுத்து இந்த மண்ணில் எவ்வளவு பழையதாக இருந்தாலும், எழுதும் பெட்டி அதே அளவு பழையதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எழுத்தின் வயதைப் பெட்டிக்குக் கொடுப்பது அவசரம்.

ஓலைக்கும் பெட்டி இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் வேறு பெட்டி. சுவடிக்குத் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டப்பலகை வைத்துக் கட்டினால் அதுவே பாதிப் பெட்டி. அதை நீளமான பேழையில் அடுக்குவார்கள், பரணில் தூக்கிக் கட்டுவார்கள். நோக்கம் காப்பது, எழுதுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. காப்பதும் எவ்வளவு கஷ்டம் என்பதற்குச் சிதம்பரமே ஒரு கதை வைத்திருக்கிறது. மூவர் பாடிய தேவாரச் சுவடிகள் தில்லைக் கோயிலில் பூட்டிய அறைக்குள் கிடந்ததையும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அதைத் திறந்தபோது பெரும்பகுதியைச் செல் அரித்திருந்ததையும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. வரலாற்று நிகழ்ச்சியாக அதை எடுத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. எழுதியதை எங்கே வைப்பது என்ற கவலை இந்த ஊரில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு அது போதும். எதன் மேல் வைத்து எழுதுவது என்ற கேள்வி அந்தக் கதையில் எழவேயில்லை.

காகிதம் வந்தபோதுதானே பெட்டியும் வந்திருக்கும் என்று அடுத்து ஓர் எதிர்வாதம் வரும். நியாயமான வாதம். செஞ்சியும் அதைச் சேர்ந்த கடற்கரையும் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தானின் கைக்குப் போயின. 1677இல் சிவாஜியின் கைக்கு. 1698இல் மொகலாயர் கைக்கு. பாரசீகத்திலும் மராத்தியிலும் காகிதத்தில் கணக்கு எழுதிய குமாஸ்தாக்கள் ஆங்கிலேயரின் பேரேட்டுக்கு முன்பே இங்கே வந்துவிட்டார்கள். காகிதம் என்ற சொல்லே பாரசீக வழியாக வந்ததுதான். ஆனால் அந்த எழுத்தரின் உட்காரும் முறையைக் கவனிக்க வேண்டும். மொகலாய ஓவியங்களில் அவர் பெரும்பாலும் ஒரு முழங்காலைத் தூக்கி வைத்து, அதன் மேல் தாளைச் சாய்த்து எழுதுகிறார். பக்கத்தில் இருப்பது கலம்தான் என்கிற பேனாக்கூடு. மராத்திய அலுவலகத்தில் தாள்கள் உதிரியாகவும் சுருளாகவும் இருந்தன. எழுதி முடித்ததும் ரூமால் என்கிற துணியில் மூட்டை கட்டினார்கள். புனேயில் உள்ள பேஷ்வா காலத்து ஆவணங்களை இன்றும் ரூமால் கணக்கில்தான் எண்ணுகிறார்கள். உதிரித் தாளுக்கு முழங்கால் போதும், மூட்டைக்குத் துணி போதும். சாய்வுப் பலகை தேவைப்படுவது தைத்துக் கட்டிய, கனமான, இரண்டு பக்கமும் விரித்து வைக்க வேண்டிய, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்து எழுத வேண்டிய புத்தகத்துக்கு. அதாவது பேரேட்டுக்கு. அந்தச் சொல்லுக்குள் ஏடு இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்பது தனி வேடிக்கை. பொருள் மாறிப் போனபின்னும் தமிழ் பழைய பெயரை விடவில்லை.

அந்தப் பேரேடு இந்தக் கடற்கரைக்கு எப்படி வந்தது என்பது தெளிவாகவே தெரிகிறது. பரங்கிப்பேட்டையின் பெயரே போர்த்துக்கீசியரைச் சொல்கிறது. செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று 1608இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் கால் வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். 1690இல் அங்கிருந்த கோட்டையை மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. சென்னையில் தலைவராக இருந்த எலிஹு யேல் அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் விற்பனையில் சேர்த்தி. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். நிலத்தைக் குண்டால் அளந்தவர்கள் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் பேனாவால் அளந்தார்கள். கம்பெனியின் அடிமட்ட உத்தியோகத்துக்கு ரைட்டர் என்று பெயர். காவல் நிலையத்தில் அந்தப் பெயர் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்ததும் கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையகம் கடலூருக்கு வந்து 1752வரை இங்கேயே இருந்தது. ஆண்டுக்கு 5 பவுன் சம்பளத்தில் சென்னைக்கு ரைட்டராக வந்திருந்த ராபர்ட் கிளைவ் அப்போது தப்பித்து ஓடிவந்ததும் இந்தக் கோட்டைக்குத்தான். 1747இல் பேனாவை விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்ததும் இங்கேயேதான். அவர் விட்டாலும் மற்றவர்கள் விடவில்லை. ஆலோசனைக் குறிப்பு, கிடங்குக் கணக்கு, துணி முன்பணம், சுங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம். லண்டனுக்கு அனுப்ப ஒரு நகல்.

இது வெள்ளைக்காரர் அறைக்குள் மட்டும் நடந்த எழுத்து என்று நினைத்தால் தவறு. கடலூருக்கு வடக்கே ஒரு காலை நடைத் தூரத்தில் இருக்கும் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி 1761வரை எழுதினார். தமிழில், காகிதத்தில், கணக்குப் புத்தகத்தில். தெற்கே, சிதம்பரத்தைத் தாண்டித் தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த பாதிரிகள் அச்சுக்கூடம் வைத்து, அதற்குக் காகிதம் போதாமல் 1715ஐ ஒட்டிப் பொறையாறில் காகிதப் பட்டறையே போட்டார்கள். கடுதாசிப் பட்டறை என்ற பெயர் அந்த இடத்தில் தங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற கரையில் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களும் தரகர்களும் கணக்குப்பிள்ளைகளும் கட்டிய புத்தகத்தில் எழுதக் கற்றுக்கொண்டார்கள். கணக்குப்பிள்ளை என்ற சொல்லைக்கூட ஆங்கிலேயர்கள் கோனிகோபொலி என்று உருட்டித் தங்கள் அகராதியில் சேர்த்துக்கொண்டார்கள். இந்த மாதிரிப் பெட்டி தமிழ்நாடு முழுக்கக் கிடைக்கிறதே, கடலூரைச் சொல்வானேன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இங்கேதான் முதலில் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. நாலைந்து தேசத்துப் பேரேடுகள் இரண்டு நாள் நடைக்குள் நெருங்கிக் கிடந்த கரை இது. தேவை எங்கே கூர்மையாக இருந்ததோ அங்கே வைத்துப் பார்ப்பதுதான் முறை.

அப்படியானால் பெட்டியே ஐரோப்பியச் சரக்குதானே? சாய்வு மூடி வடிவம் கப்பலில் வந்தது என்பதை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இந்த மாதிரிச் சாய்வுப் பெட்டி சாதாரணம். மேசை மேல் தூக்கி வைத்து எழுதுவார்கள். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு பெட்டிகளும் போன வழி வேறு. அங்கே பெட்டிக்குக் கால் முளைத்தது. முதலில் தனித் தாங்கி, பிறகு கீழே இழுப்பறைகள், கடைசியில் ஆள் உயர மரச்சாமான். அதன் பெயர் பியூரோ. பயணம் போகிறவர்களுக்காக 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்னொரு வகை வந்தது. மூடியிருக்கும்போது செவ்வகமான பெட்டி; குறுக்காகப் பிளந்து திறந்தால் இரு பாதியும் சேர்ந்து நீண்ட சாய்வாகும்; மேலே தோல் அல்லது வெல்வெட் ஒட்டியிருக்கும். அதற்கும் மேசையும் நாற்காலியும் வேண்டும். இங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்தவருக்கு இரண்டும் வேண்டாம். பெட்டியின் உயரம் உட்கார்ந்தவரின் முழங்கைக்கும் தொடைக்கும் நடுவே அடங்க வேண்டும்; அந்தச் சாண் கணக்கு மாறவேயில்லை. கால் முளைக்காததைப் பின்தங்கியதாகப் படிக்கிறவர்கள் உண்டு. உட்காரும் முறை மாறாதவரை கால் முளைக்க வேண்டிய அவசியம் என்ன? ஐரோப்பா கைவிட்ட வடிவத்தை இந்தக் கரை இருநூறு ஆண்டுக்கு மேல் வைத்துக்கொண்டது, உடம்புக்குப் பொருந்தியதால்.

இனி மூலைக்கு வருவோம். நன்றாகச் செய்த பெட்டியில் நாலு பலகைகளும் படுக்கை வாட்டத்தில் ரேகை ஓடும்படி வைக்கப்பட்டிருக்கும். மரம் நீளவாக்கில் கூடுவதோ குறைவதோ கண்ணுக்குத் தெரியாது. ஈரம் ஏறினால் அகலவாக்கில்தான் ஊதும், காய்ந்தால் அகலவாக்கில்தான் சுருங்கும். நாலு பக்கமும் ஒரே வாட்டத்தில் இருந்தால் ஐப்பசியில் நாலும் சேர்ந்து ஒரு மயிரிழை உயரும், சித்திரையில் நாலும் சேர்ந்து இறங்கும். மூலை ஒன்றையொன்று பிடுங்காது. அந்த மூலையில்தான் பாடநூல்கள் புறாவால் என்று சொல்லும் பொருத்து. ஒரு பலகையின் முனையில் விசிறி போல விரியும் பற்கள், மற்றதில் அவற்றுக்கேற்ற வெட்டு. ஒரு திசையில் மட்டுமே இறங்கும். பலகையை நீளவாக்கில் இழுத்தால் பல்லின் முனை அகலமாக இருப்பதால் வராது. சாய்வுப் பெட்டியில் இதற்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பின்மூலையில் நாலு பல் வெட்ட இடம் இருக்கும். பக்கப் பலகை சரிந்து வந்து முடியும் முன்மூலையில் இரண்டுக்குத்தான் இடம். சரிவாக அறுத்த விளிம்பில் ரேகை குட்டையாகிவிடுவதால், அங்கே மெல்லிய பல் வைத்தால் உளி பட்டதும் ஒடிந்துவிடும். அனுபவமுள்ள தச்சர் மேல் பல்லை மட்டும் தடிமனாக விடுவார். நாலு மூலையையும் விரலால் தடவி, முன்மூலையின் மேல் பல் மற்றவற்றைவிடப் பருத்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும், செய்தவர் மரத்தை அறிந்தவரா என்று தெரிந்துவிடும்.

அடிப்பலகை இன்னும் நல்ல சாட்சி. அது முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே அகலமாகக் கிடப்பது; ஊதினால் பெட்டியையே பிளக்கும், சுருங்கினால் தானே பிளக்கும். அவசர வேலைக்காரர் கீழிருந்து ஆணி அடித்து முடித்துவிடுவார். நல்ல பெட்டியில் நாலு பக்கப் பலகைகளின் உள்முகத்திலும் காடி எடுத்து, அடிப்பலகையின் விளிம்பை இழைத்து மெலிதாக்கி, அதற்குள் நுழைத்திருப்பார்கள். பசை கிடையாது, ஆணி கிடையாது. உள்ளே ஒரு நெல் கனம் இடைவெளி. பலகை அங்கே சிறைப்பட்டும் இருக்கிறது, அசைந்தும் கொள்கிறது. மூடியிலும் இதே யுக்தி. அகலப் பலகை வெயிலில் ஓடு போல வளையும் என்பதால் இரு முனையிலும் குறுக்குச் சட்டம் போட்டு நாக்கும் காடியுமாகச் சேர்த்திருப்பார்கள். மர ஆணி நடுவில் ஒன்றே ஒன்று. ஓரங்களை ஆணியால் இறுக்கினால் அடுத்த கோடைக்கு மூடி நடுவில் பிளந்திருக்கும்.

ஆணியைத் தவிர்த்ததற்கு இன்னொரு காரணம் உப்புக் காற்று. கெடிலமும் உப்பனாறும் கடலும் சூழ்ந்த கடலூர் முதுநகரில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பது அங்கே ஜன்னல் கம்பி வைத்திருக்கிற எவருக்கும் தெரியும். துரு மட்டும் பிரச்சினை என்றால் சகித்துக்கொள்ளலாம். துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் இரும்பு ஆணி இறங்கி ஈரமும் பட்டால், ஆணியைச் சுற்றி நீலக்கறுப்பாகக் கறை படரும். பெட்டிக்கு மேலே மைக்கூட்டில் இருந்ததும் அதே கறைதான். கடுக்காயை ஊறவைத்து அன்னபேதி கலந்து காய்ச்சிய மையில் நடப்பதும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுக்கிற வேலை. ஆணி அடித்த இடத்தில் மரம் தானே மை காய்ச்சிக்கொள்கிறது என்று சொன்னால் தப்பில்லை. அதனால்தான் வெளியே தெரியும் உலோகமெல்லாம் பித்தளை: மூலைத் தகடு, கைப்பிடி, நாதாங்கி, சாவித் துளையைச் சுற்றிய சில்லு. பசைக்கும் இங்கே அதிக மரியாதை இல்லை. தோலும் எலும்பும் காய்ச்சிய வச்சிரம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து இளகிவிடும். மேலே மெல்லிய ஒட்டுப்பலகை பதித்த ஐரோப்பியச் சாமான்கள் இந்தியாவில் உரிந்து தொங்கியது இதனால்தான். பசை கைவிட்டாலும் பல் கைவிடாது என்ற கணக்கில் கட்டிய பெட்டி இது.

இந்தக் கணக்கை யார் சொல்லிக் கொடுத்தது? புறாவால் பொருத்து ஐரோப்பியர் கற்றுத் தந்தது என்பது கடைசி எதிர்வாதம். பண்டைய எகிப்தின் மரச்சாமான்களிலேயே அந்தப் பொருத்து இருக்கிறது. அதற்கு எந்த தேசமும் பட்டா கேட்க முடியாது. குறிப்பிட்ட ஒரு வெட்டைக் கப்பல் தச்சரிடம் பார்த்து எடுத்திருக்கலாம், அது பெரிய விஷயமே இல்லை. அசைவுக்கு இடம் விட்டுப் பொருத்த வேண்டும் என்ற அறிவு பழையது, உள்ளூரில் இருந்தது. சிதம்பரத்தில் கூத்தப்பெருமான் நிற்கும் சிற்றம்பலமே மரக் கட்டடம். பொன் வேய்ந்த கூரையை மரத்தூண்களும் மரச்சட்டங்களும் தாங்குகின்றன. கூரையில் 21,600 பொன்னோடு, 72,000 பொன்னாணி என்பது வழங்கிவரும் கணக்கு. (பொன்னாணி துருப்பிடிக்காது; அந்த வசதி கணக்குப்பிள்ளைக்கு இல்லை.) ஆனியிலும் மார்கழியிலும் ஐந்து தேர்கள் வீதிக்கு வருகின்றன. மற்ற நாளெல்லாம் வெயிலிலும் மழையிலும் நின்ற தேர், வடம் பிடித்த அன்று குலுங்கிக் குலுங்கி ஓட வேண்டும். இறுக்கிப் பூட்டினால் உடையும். கழுந்தைத் துளையில் செருகி ஆப்பு வைத்து, தளர்ந்தால் மீண்டும் தட்டி இறுக்கும் வேலை அது. சிற்ப நூலான மயமதம் மரப் பொருத்துகளுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. தூணில் வரும் ஒரு பொருத்துக்கு மேஷயுத்தம், அதாவது ஆட்டுக்கிடாச் சண்டை என்று பெயர் வைத்திருக்கிறது. தேருக்கும் கைப்பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று இழுக்கலாம். தேர் வேலை ஆண்டு முழுக்க இருக்காது. இடைப்பட்ட நாளில் ஏரும் வண்டியும் கதவும் பெட்டியும் செய்தது அதே உளி, அதே கொட்டாப்புளி, அதே இழைப்புளி.

சொற்களும் இதே பக்கம்தான் பேசுகின்றன. காகிதமும் கல்லாவும் பாரசீக வழி. மேசை, பேனா, சாவி மூன்றும் போர்த்துக்கீசியம். பெட்டி, பூட்டு, மூடி, காடி, கழுந்து, உளி எல்லாம் தமிழ். எழுதுவதற்கான சாமான் வெளியிலிருந்து வந்தது, அதைத் தாங்குவதற்கான சாமான் வீட்டுக்குள்ளிருந்து வந்தது என்று அந்தப் பட்டியலே பிரித்துக் காட்டுகிறது.

வடிவத்தை மட்டும் பார்த்து ஊர் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஓர் உதாரணம் இந்தக் கரையிலிருந்தே கிடைக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் ஐரோப்பியருக்காகக் கருங்காலியில் நுணுக்கமாகச் செதுக்கிய நாற்காலிகள் செய்யப்பட்டன. அவற்றில் சில இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்து, எங்கிருந்து வந்தவை என்பதே மறந்துபோயிற்று. 18ஆம் நூற்றாண்டின் பெரிய ரசிகர் ஹொரஸ் வால்போல் அவற்றை ட்யூடர் மன்னர் காலத்து ஆங்கில வேலை என்று நம்பித் தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வாங்கி வைத்தார். அவரைப் பின்பற்றி ஒரு தலைமுறையே நம்பியது. நம் பெட்டிக்கு நேர்ந்தது அதன் தலைகீழ்: இங்கே செய்ததைப் பார்த்து அங்கிருந்து வந்தது என்கிறோம். இதே கரையில் வடக்கே விசாகப்பட்டினத்தில் தந்தம் பதித்துச் செய்த எழுதும் பெட்டிகள் அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அவை வெள்ளைக்காரர் வாங்கிப் பரிசளிக்கச் செய்தவை. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் மேல்பூச்சு மூலையை மறைத்துவிடுகிறது. கணக்குப்பிள்ளைப் பெட்டி வேலைக்குச் செய்தது. பொருத்தை மறைக்க அதற்குக் காரணமும் இல்லை, நேரமும் இல்லை. கைவினை என்ற முறையில் எனக்கு இதுதான் உசத்தி.

உள்ளறைகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும், ஏனென்றால் பெட்டியின் காலத்தை அவை சொல்லிவிடும். கம்பெனி காலத்துச் சென்னை மாகாணத்தில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் ஒரே பெட்டிக்குள் கலந்தால் கணக்கு நாறிவிடும். அதனால் பழைய உள்ளமைப்பில் அறைகள் பலவாகவும் சிறியவையாகவும் இருப்பது இயல்பு. நாணயத்தை விரலால் வழித்தெடுக்க வசதியாகச் சிலவற்றில் அறையின் அடியைக் குழியாகக் கடைந்திருப்பார்கள். 1818இல் சென்னை மாகாணம் வெள்ளி ரூபாய்க்கு மாறியது. 1835இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. பிறகு நோட்டும் முத்திரைத் தாளும் பெருகின. அறைகள் குறைந்து அகலமாயின. அறைச் சட்டங்கள் காடியில் செருகியவை என்பதால் உருவி எடுத்து மாற்றுவது சுலபம். எடுத்துவிட்ட சட்டத்தின் காடி மட்டும் உள்முகத்தில் வெறுமையாகக் கோடு போல நிற்கும். அந்த வெறும் காடிகளை எண்ணினால் ஒரு பெட்டி எத்தனை நாணய முறையைக் கடந்து வந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

1801இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதி கம்பெனியின் கைக்கு வந்து தென்னார்க்காடு ஜில்லா உருவாயிற்று. கடலூர் அதன் தலைமையிடம் ஆனது. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு பட்டாதாரருக்கும் தனிக் கணக்கு வந்தபோது துறைமுகக் கிடங்கிலிருந்த பேரேடு கிராமத்துக்குள் நுழைந்தது. ஓலைக் கணக்கு உடனே சாகவில்லை, 19ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் காகிதத்தோடு கூடவே ஓடியது. ஆனால் சிட்டாவும் அடங்கலும் தைத்த புத்தகங்களாக வந்ததும் கர்ணத்தின் வீட்டுக்கும் சாய்வுப் பெட்டி வந்துவிட்டது. 1980 நவம்பரில் தமிழக அரசு பரம்பரைக் கர்ணம் பதவியை ஒழித்தது. புதிதாக வந்த கிராம நிர்வாக அலுவலருக்கு மேசை, நாற்காலி, பீரோ. ஐரோப்பாவில் சாய்வுப் பெட்டிக்குக் கால் முளைத்தபோது கிடைத்த பெயர்தான் அந்த பீரோ. இங்கே இரும்பு அலமாரியாக வந்து பெட்டியின் இடத்தில் நின்றது.

இப்படியொரு பெட்டி உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். கோடையில் அடிப்பலகையின் ஓரத்தில் ஒரு நெல் கனம் சந்து தெரியும். பலகை கையை வைத்தால் லேசாக ஆடும். அதைப் பழுது என்று நினைத்துப் பசை ஊற்றவோ ஆணி அடிக்கவோ கொடுத்துவிடாதீர்கள். ஐப்பசியில் தானே மூடிக்கொள்ளும்.